மண்டபம் ஊருக்கு ஒரு கரி இன்ஜின்

பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மீனவர் சங்கப் பொறுப்பாளர்களே, எனக்குத் துண்டு போர்த்திய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே! மைக் போட்ட தம்பியை விட்டுவிட்டால் மைக் நின்றுவிடும், அவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: பழம்பெரும் நீராவி இன்ஜின் ஒன்றின் கதை, அது ஓடும் விதம், இன்னும் அதைப் பார்க்க ஏன் கூட்டம் கூடுகிறது என்பது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்து, கிழக்கிந்திய ரயில்வேக்காகக் கப்பலேறி வந்தவை 21, 22 என்று எண் போட்ட இரண்டு இன்ஜின்கள். 22தான் 'ஃபேரி குயின்'. வங்காளத்தில் மெயில் வண்டி இழுத்து, 1909இல் ஓய்வுபெற்று, 1997இல் மறுபடியும் தண்டவாளம் ஏறியது. மறு வருஷமே கின்னஸில் பெயர் வந்தது. 21ஆம் எண்ணை 2010இல் நம் பெரம்பூர்ப் பணிமனைக்காரர்கள் சீராக்கிச் சென்னையில் ஓடவிட்டார்கள். இரும்பு விலைக்கு எடை போட்டிருந்தால் என்ன தேறியிருக்கும்?

அடுத்து, ஓடும் விதம். 'குப்... குப்' என்ற அந்தச் சத்தம் சும்மா வருவதில்லை. சக்கரத்தைச் சுழற்றும் பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவி புகைபோக்கி வழியே பீறிடும்போது வருவது அது. அந்த வேகம் அடுப்புக்குள் காற்றை இழுக்கும். தீ இன்னும் கொழுந்துவிடும். பாரம் கூடக் கூட அடுப்பும் தானாகச் சூடேறும்!

அடுப்பு என்றதும் எங்கள் அப்பத்தா ஞாபகம் வருகிறது. உச்சிப்புளியில் ஏறி ராமேஸ்வரம் போகிறது. மடியில் பனங்கிழங்குக் கட்டு. வழியில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அப்பத்தா இறங்கி நேரே டிரைவரிடம் போய், "ஏப்பா, இம்புட்டுத் தண்ணி குடிக்குதே, சாப்பிட்டுச்சா?" என்று கேட்டது. டிரைவர் சிரிக்கவில்லை. "அதுக்குச் சோறு போடுறவன் அந்தா நிக்கிறான் ஆத்தா" என்று கரி அள்ளும் ஃபயர்மேனைக் காட்டினார். அவனைப் பார்த்தால் அவனே சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. அப்பத்தா கட்டைப் பிரித்தது. அவன் கரி அள்ளும் மண்வெட்டியைக் கழுவி, கிழங்கை அடுக்கி, அடுப்பு வாயில் நீட்டிவிட்டான். வாசனை பிளாட்பாரம் முழுக்க! வண்டி ஏன் புறப்படவில்லை என்று கத்திக்கொண்டு வந்த ஸ்டேஷன் மாஸ்டர் கையிலும் ஒரு கிழங்கைத் திணித்தது அப்பத்தா. அப்புறம் பச்சைக் கொடி யார் காட்டுவது? மனுஷன் உரித்துக்கொண்டிருந்தார்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் தனுஷ்கோடித் துறை வரை வந்தது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் இலங்கையின் தலைமன்னார். 1964 புயல் அந்தத் தடத்தையே அழித்தது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது, மகிழ்ச்சி. பழையதன் தூக்குப் பாலப் பகுதியையாவது கரையில் நிறுத்துங்கள், பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய மீட்டர்கேஜ் கரி இன்ஜின் ஒன்றை வையுங்கள் என்கிறேன். யானை இறந்தாலும் ஆயிரம் பொன், ஐயா! வெட்டவெளியில் வைத்துவிடாதீர்கள். இது உப்புக்காற்று ஊர். கூரையும் வருஷா வருஷம் பெயிண்டும் வேண்டும்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை. தலைவர் கடிகாரம் பார்க்கிறார். ரயில்வேக்கு அனுப்பும் மனு இடதுபக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள். டீ முதலில் என்றால் யாரும் மேசைக்கு வரமாட்டீர்கள்.