ஏடு இருந்தால்தான் பாட்டு

(நாகர்கோவிலில் நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையிலுள்ள பெரியோர்களுக்கும், தேர்வு முடிந்த கையோடு வந்து பின்வரிசைகளை நிறைத்திருக்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

2024 ஏப்ரலில் அமேசான் பிரைம் வீடியோவில் ‘ஃபால்அவுட்’ என்ற எட்டுப் பகுதித் தொடர் வெளிவந்தது. அதைப் பார்த்து முடித்த மறுநாளே என் அக்கா மகன் என்னைத் தேடி வந்தான். கல்லூரிக் காலத்தில் நான் கணினியில் விளையாடிய அதே பெயருள்ள விளையாட்டு அவனுக்கு வேண்டியிருந்தது. “மாமா, அந்தப் பழைய சிடி இப்பமும் ஓடுமா?” என்று கேட்டான். பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் வட்டு இருந்தது. ஆனால் நம் ஊர் மழையும் கடற்காற்றும் சேர்ந்து அதன் மேல் பூஞ்சையைப் படர விட்டிருந்தன. துடைத்துப் பார்க்கலாம் என்றால், அவனுடைய மடிக்கணினியில் வட்டு போடும் இடமே இல்லை. அந்த வட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் நின்ற அந்தச் சில நிமிடங்கள்தான் இன்றைய உரைக்குக் காரணம்.

விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் இண்டர்ப்ளே நிறுவனம் 1997இல் முதல் ‘ஃபால்அவுட்’டை வெளியிட்டது. டிம் கெய்ன் என்பவர் அதன் முதன்மைப் படைப்பாளி. 2077இல் நடக்கும் அணுப்போரில் உலகம் அழிகிறது; பெரும் நிலவறைகளுக்குள் புகுந்தவர்களின் வழித்தோன்றல்கள் பல ஆண்டுகளுக்குப் பின் வெளியே வருகிறார்கள். 1998இல் இரண்டாம் பாகம் வந்தது. பின்னர் உரிமை பெதெஸ்தா நிறுவனத்துக்குக் கைமாறி, 2008இல் மூன்றாம் பாகமும், அப்சிடியன் நிறுவனத்தார் உருவாக்கிய ‘நியூ வேகஸ்’ 2010இலும், நான்காம் பாகம் 2015இலும், இணையத்தில் பலர் கூடி ஆடும் ‘ஃபால்அவுட் 76’ 2018இலும் வந்தன. இறுதியாகச் சொன்னது வெளியானபோது கடுமையான விமர்சனத்தைச் சந்தித்தது. அதன் பிறகு புதிய பெரும் பாகம் எதுவும் வராத நிலையில்தான் தொலைக்காட்சித் தொடர் வந்தது.

முதல் 16 நாட்களில் 6.5 கோடிப் பேர் தொடரைப் பார்த்ததாக அமேசான் அறிவித்தது. அதே மாதத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இந்த வரிசையின் விளையாட்டுகளை ஆடியதாகவும், அவர்களில் 10 லட்சம் பேர் எல்லோரும் ஏசிய அந்த ‘76’ஐ ஆடியதாகவும் பெதெஸ்தா கூறியது. ஐரோப்பாவில் நான்காம் பாகத்தின் வார விற்பனை 7,500 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. இந்தக் கடைசி எண்ணைக் கண்டு மலைத்துவிட வேண்டாம் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது ஆண்டுப் பழசான ஒரு பொருள் அதற்கு முந்தைய வாரம் மிகக் குறைவாகவே விற்றிருக்கும். விலையையும் அப்போது வெகுவாகக் குறைத்திருந்தார்கள். இருந்தாலும், விலை குறைந்த எல்லாப் பழைய பொருள்களையும் மக்கள் இப்படித் தேடி வாங்குவதில்லை.

ஏன் தேடினார்கள் என்பதே என் கேள்வி. 2023 ஜனவரியில் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடர், 2013ஆம் ஆண்டின் விளையாட்டுக் கதையைப் பெரும்பாலும் அப்படியே திரும்பச் சொன்னது; அதற்குப் பின்னும் விளையாட்டின் விற்பனை ஏறியது. ஆனால் அதில் நாயகன் யார், அவன் என்ன பேசுவான் என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டவை. ஃபால்அவுட் அப்படிப்பட்டதன்று. அதில் நாயகனை ஆடுபவரே படைக்கிறார். அவன் வலியவனா, வாய்ச்சாலகனா, இரக்கமுள்ளவனா என்பது ஆடுபவரின் முடிவு. என் நாயகன் எதிரியிடம் பேசியே வென்றான். என் அறைத்தோழனுடைய நாயகன் ஊரையே கொள்ளையடித்தான். இவற்றில் யாருடைய கதையைத் திரையில் காட்டுவது? யாருடையதைக் காட்டினாலும் மற்றவர்களுக்கு அது அந்நியமாகவே இருந்திருக்கும். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்த உலகம் ஒன்றுதான்: பல்சக்கர வடிவில் உருண்டு திறக்கும் நிலவறைக் கதவு, நீல நிறச் சீருடை, கையில் கட்டிய சிறு கணினி, 1950களின் அமெரிக்க விளம்பரச் சிரிப்பு. ஜோனதன் நோலன் உள்ளிட்ட தயாரிப்பாளர்கள் அந்த உலகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 2296இல் 33ஆம் எண் நிலவறையிலிருந்து வெளியே வரும் லூசி என்ற புதுப்பெண்ணின் கதையைச் சொன்னார்கள். பழைய கதைகளின் மேல் கை வைக்காததால்தான், பார்த்தவர்களுக்கு அந்தக் கதைகளைத் தாமே ஆடிப் பார்க்கும் ஆசை வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

இது நமக்குப் புதிதன்று. நம் ஊர்க் கோயில் கொடைகளில் முத்துப்பட்டன் கதையையும் நீலி கதையையும் வில்லுப்பாட்டாகப் பாடக் கேட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பாட்டை நடத்தும் அண்ணாவி இடையிடையே தாமாகச் சேர்ப்பார், நாட்டு நடப்பைச் சொல்வார், சிரிக்க வைப்பார், யாரும் மறுப்பதில்லை. ஆனால் கதையின் முறை ஓரிடத்தில் பிசகினால், முன்வரிசையில் பாக்கு இடித்துக்கொண்டிருக்கும் கிழவி உலக்கையை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்கு, வில்லைத் தட்டும் வீசுகோல் பிடித்த கை கொஞ்சம் தயங்கும். ஃபால்அவுட் தொடரிலும் அப்படியொரு பார்வை எழுந்தது. ஒரு காட்சியில் பள்ளிக்கூடக் கரும்பலகையில் ‘ஷேடி சாண்ட்ஸ்’ நகரின் வீழ்ச்சி 2277 என்று எழுதியிருந்தது. ‘நியூ வேகஸ்’ கதை நடப்பதோ 2281இல். அதில் அந்த நகரைத் தலைநகராகக் கொண்ட குடியரசு வலுவோடு இருக்கிறது. அப்படியானால் அந்த விளையாட்டே இல்லை என்றாகிவிட்டதா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த நகரின் மேல் குண்டு விழுந்தது ‘நியூ வேகஸ்’ நிகழ்வுகளுக்குப் பிறகுதான் என்று பெதெஸ்தாவின் டாட் ஹாவர்ட் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கரும்பலகை எண்ணுக்காக இவ்வளவு சண்டையா என்று சிலர் கேட்டார்கள். அந்தச் சண்டையை நான் மதிக்கிறேன். கதையைத் தம்முடையதாக நினைப்பவர்களே இப்படிக் கோபப்படுவார்கள்.

நம் மாவட்டத்துக்காரருக்கு இந்த விளையாட்டு இன்னொரு வகையிலும் நெருக்கமானது. இதில் எதைக் குடித்தாலும், எந்தக் குட்டையில் இறங்கினாலும், கதிர்வீச்சு அளவி டிக் டிக் என்று ஒலிக்கும். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருப்பதையும், அதில் கதிர்வீசும் தோரியம் உண்டு என்பதையும் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கூடங்குளம் நமக்குப் பக்கத்து மாவட்டம்தான். கதிர்வீச்சு என்ற சொல் மற்றவர்களுக்குக் கதையில் வருவது; நமக்கு வீட்டுத் திண்ணைப் பேச்சில் வருவது.

மறுபடி அந்தப் பூஞ்சை பிடித்த வட்டுக்கு வருகிறேன். தொடர் எவ்வளவு சிறப்பாக இருந்திருந்தாலும், பார்த்தவர்கள் தேடிப் போனபோது பழைய விளையாட்டு விலைக்குக் கிடைக்காமல் இருந்திருந்தால் இந்த மறுவாழ்வு நடந்திருக்காது. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று முறையாகக் கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஃபால்அவுட்டே மயிரிழையில் தப்பியது. இண்டர்ப்ளேயை விட்டு விலகியபோது, தாம் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளையும், விளையாட்டின் கணினிக் கட்டளைகள் அடங்கிய மூலநிரலையும் அழித்துவிடும்படி தமக்கு உத்தரவிடப்பட்டதாகவும், பல ஆண்டுகள் கழித்து நிறுவனத்தாரே தம்மிடம் வந்து, தங்கள் பிரதி தொலைந்துவிட்டது, உங்களிடம் உண்டா என்று கேட்டதாகவும் டிம் கெய்ன் சொல்லியிருக்கிறார். மூலநிரல் என்பது வில்லுப்பாட்டை எழுதி வைத்த ஏடு போன்றது. பாட்டைக் கேட்பவருக்கு ஏடு தேவைப்படாது. அடுத்த தலைமுறை அண்ணாவிக்கு அது இல்லாமல் முடியாது. முதல் இரண்டு பாகங்களின் மூலநிரல் அடியோடு போய்விட்டது என்றே பலரும் நம்பியிருந்த வேளையில், 2025இல் இண்டர்ப்ளேயின் நிறுவனர்களில் ஒருவரான ரெபெக்கா ஹைன்மன் அது தம்மிடம் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். நிறுவனத்தின் பத்தாம் ஆண்டுத் தொகுப்புக்காக எல்லா விளையாட்டுகளின் நிரலையும் திரட்டியவர் அவர். அதன் பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார். ஒரு நிறுவனம் காக்கத் தவறியதை ஒரு தனி மனுஷியின் பழக்கம் காத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. 2025 டிசம்பரில் தொடரின் இரண்டாம் பருவம் நியூ வேகஸ் நகருக்குக் கதையைக் கொண்டுபோனது. அதைப் பார்க்க அவர் இல்லை.

என் மருமகனுக்கு இணையக் கடையில் முதல் பாகத்தையே வாங்கிக் கொடுத்தேன். இன்றைய விளையாட்டுகளின் மினுக்கு அதில் இல்லை; மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் சிறு உருவங்கள், முறை வைத்து நடக்கும் சண்டை, படிக்க வேண்டிய எழுத்து ஏராளம். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். 13ஆம் எண் நிலவறையின் கதவு மூடிக்கொண்டதும் குகைக்குள் ஒரு எலும்புக்கூடும் சில எலிகளும்தான் அவனுக்குத் துணை. தொடரில் பார்த்த கதவு இதுதான் என்று அவன் திரையைத் தொட்டுக் காட்டினான். நிலவறையின் தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவியில் ஒரு சில்லு பழுதாகிவிட்டது. 150 நாட்களுக்குள் மாற்றுச் சில்லைக் கொண்டுவராவிட்டால் உள்ளே இருப்பவர்கள் தாகத்தால் மடிவார்கள் என்பதே அவனுக்கு இடப்பட்ட பணி. இரவு பதினொன்றரை மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோது, பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஊர்ப்பெயர்களையும் அவற்றுக்கு இடையே ஆகும் நாட்களையும் எழுதிக்கொண்டிருந்தான். “மாமா, 61 நாள் போயாச்சு, சத்தம் போடாதீங்க” என்றான். நான் விளக்கை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.