ஷேர் வண்டிக்குக் கிடைத்த பாலிசி: மார்க்கெல் நிறுவனம் வளர்ந்த விதம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

காப்பீட்டுத் துறையில் நான் பணிக்குச் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொண்ட வேலை விண்ணப்பத்தை ஏற்பதன்று, திருப்பி அனுப்புவது. சர்க்கஸ் கூடாரம், பட்டாசுக் கிடங்கு, இருபது வயதான பேருந்து என்று எது வந்தாலும் ‘ஏற்பதற்கில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுவோம். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களையே வாடிக்கையாளர்களாக்கிக் கொண்டு ஒரு குடும்பம் பெரும் நிறுவனமாக வளர்ந்த கதையைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே அமெரிக்க நகரங்களில் சொந்தக் காரிலோ சிறு பேருந்திலோ டிராம் வண்டி போகும் தடத்திலேயே ஆட்களை ஏற்றிச் செல்லும் தொழில் பரவியிருந்தது. ஐந்து சென்ட் நாணயத்தைப் பேச்சுவழக்கில் ‘ஜிட்னி’ என்பார்கள். கட்டணம் அதுவே என்பதால் வண்டிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊர் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொண்டால் போதும். நாள் முழுவதும் தெருவில் ஓடுகிற வண்டி, நெரிசலான பயணிகள், வண்டியைத் தவிர வேறு சொத்தில்லாத உரிமையாளர்: காப்பீட்டு நிறுவனங்கள் இவர்களைக் கண்டு ஒதுங்கியதில் வியப்பில்லை. சாம் மார்க்கெல் ஒதுங்கவில்லை. இந்த வண்டிகளுக்குக் காப்பீடு தரும் தொழிலில் இறங்கி, 1930இல் தம் குடும்பப் பெயரிலேயே நிறுவனத்தை நிறுவினார். பின்னர் அவருடைய மகன்களும் அதில் சேர்ந்தார்கள்.

இதை வெறும் துணிச்சல் என்று சொல்லிவிடக் கூடாது. பிரேக் எப்படி இருக்கிறது, டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஓட்டுநர் தூங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பவைதாம் வாகனக் காப்பீட்டில் லாபத்தையும் நட்டத்தையும் தீர்மானிக்கின்றன என்பதை உணர்ந்து, பாலிசி விற்பதோடு விபத்துத் தடுப்பையும் தன் வேலையாகவே அந்நிறுவனம் எடுத்துக்கொண்டது. மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரி, பேருந்துகளைக் கூட்டாட்சி அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, அவற்றுக்குக் காப்பீட்டையும் தேவையாக்கிய சட்டம் 1935இல் வந்தபோது, அந்த வண்டிகளை அருகிலிருந்து அறிந்தவர்களுக்குச் சந்தை விரிந்தது.

இப்படி ஒரு துறையின் இடர்களை நுணுகி அறிந்து தரும் காப்பீட்டைச் சிறப்புக் காப்பீடு என்பார்கள். அதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நிறுவனம் பிற்காலத்தில் பெயர் பெற்ற பிரிவுகளுள் ஒன்று குதிரைக் காப்பீடு. ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு குதிரைகள் லாயத்தில் நிற்கின்றன என்று வையுங்கள். பொதுக் காப்பீட்டு அலுவலருக்கு அவை இரண்டும் ஒன்றுதான். துறை தெரிந்த அண்டர்ரைட்டரோ, அதாவது இடரை எடைபோட்டுப் பிரீமியத்தை முடிவு செய்பவரோ, வயதென்ன, பந்தயத்துக்கா இனப்பெருக்கத்துக்கா, முன்பு எப்போதாவது குடல் முறுக்கலுக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, கால்நடை மருத்துவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டு, ஒன்றுக்குக் குறைந்த பிரீமியமும் மற்றொன்றுக்கு இருமடங்கும் சொல்வார். சில சமயம் இரண்டாவதை வேண்டாம் என்றே சொல்லிவிடுவார். சிறுவர் கோடை முகாமுக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் இதே முறைதான். அமெரிக்காவில் வழக்கமான காப்பீட்டாளர்கள் தம் கட்டணத்தையும் பாலிசி வாசகத்தையும் மாநில ஒழுங்குமுறை அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அவர்கள் ஏற்காத இடர்களுக்கென்று தனியே ஒரு சந்தை உண்டு. அங்கே கட்டணத்தையும் வாசகத்தையும் இடருக்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். மார்க்கெல் வேர் பிடித்தது அந்தச் சந்தையில்தான்.

1980களின் நடுவில் அமெரிக்காவில் பொறுப்புக் காப்பீட்டில், அதாவது நம்மால் பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டில், நெருக்கடி ஏற்பட்டது. காப்பகங்களும் நகராட்சிகளும்கூடப் பாலிசி கிடைக்காமல் அலைந்தன, பிரீமியம் பலமடங்கு ஏறியது. அந்தச் சூழலில், 1986இல், மார்க்கெல் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது; ஒரு பங்கு 8.33 டாலர். நிறுவனரின் பேரன்களான ஸ்டீவன் மார்க்கெலும் ஆன்டனி மார்க்கெலும் பொறுப்பில் இருந்தபோதும், தலைமைச் செயல் அதிகாரியாக அமர்ந்தவர் மார்க்கெல் என்ற பெயரில்லாத ஆலன் கிர்ஷ்னர். குடும்ப நிறுவனங்களில் நாற்காலிக்காக நடக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வளர்ச்சி ஒரே சீராக இருக்கவில்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். காப்பீட்டில் நூறு ரூபாய் பிரீமியம் வாங்கி, இழப்பீட்டுக்கு அறுபதும் செலவுக்கு முப்பத்தைந்தும் போனால் ஐந்து ரூபாய் மிச்சம். போட்டிக்காக அதே பாலிசியைத் தொண்ணூறுக்கு விற்றால் ஐந்து ரூபாய் நட்டம். இந்தக் கணக்கு தெரியாதவர் யாருமில்லை, ஆனால் ஏஜென்ட் கைவிட்டுப் போய்விடுவாரோ என்ற அச்சத்தில் அதை மறப்பவர்கள் ஏராளம். விலை குறைந்தால் வியாபாரத்தைச் சுருக்கிக்கொள்வது என்ற ஒழுக்கத்தை மார்க்கெல் தன் அடையாளமாகவே சொல்லிக்கொண்டது. அப்படிப்பட்ட நிறுவனமும் அடி வாங்கியது. 2000இல், லண்டன் சந்தையிலும் தொழில் நடத்திவந்த டெர்ரா நோவா என்ற காப்பீட்டு நிறுவனத்தை வாங்கியது. பிறர் எழுதி வைத்த பழைய பாலிசிகளுக்கு எவ்வளவு இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும் என்பது, வாங்கிக் கையில் வந்த பிறகுதான் முழுமையாகத் தெரியும். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நட்டம். அதிலிருந்து மீண்டுதான் 2013இல், ஏறத்தாழ 310 கோடி டாலர் மதிப்பில் ஆல்டெர்ரா என்ற காப்பீட்டு நிறுவனத்தை இணைத்துக்கொண்டது.

பிரீமியம் இன்று வருகிறது, இழப்பீடு பல ஆண்டு கழித்துப் போகிறது. இடைக்காலத்தில் அந்தப் பணம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1990இல் சேர்ந்த டாம் கெய்னர் அதன் ஒரு பகுதியைப் பங்குகளில் பொறுமையாக முதலீடு செய்தார். 2005இலிருந்து ரொட்டி ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் தொடங்கி முழுத் தொழில்களையே வாங்கவும் செய்தார்கள். 8.33 டாலருக்கு விற்ற பங்கு 2024இல் 1,500 டாலரைத் தாண்டியது.

இதற்கிடையே, 1984இல், மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டியில் ஃபிராங்க், லூயிஸ் ஹேகர்ட்டி தம்பதியர் பழைய மரப் படகுகளுக்குச் சரியான காப்பீடு கிடைக்காததால், தாங்களே அதற்கென ஒரு தொழிலை வீட்டின் அடித்தளத்தில் தொடங்கினார்கள். அது பழங்காலக் கார்களுக்கும் விரிந்தது. அந்தக் குடும்பம் விற்ற பாலிசிகளின் இடரைப் பல ஆண்டுகளாகத் தாங்கி நின்றது மார்க்கெலின் துணை நிறுவனம் ஒன்று; 2019இல் மார்க்கெல் ஹேகர்ட்டியில் பங்கும் வாங்கியது.