ரயில் விட்டுப்போன தடத்தில்

(தமிழ்ச் சங்கக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பென் ஹில்ஸ் குன்றின் மேலிருக்கும் பெருமாள் கோயில். வாஷிங்டன் பக்கமிருந்து நாலு மணி நேரம் காரை ஓட்டிப் போகிறோம், சேவிக்கிறோம், புளியோதரை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். வழியெல்லாம் லாரி. அதே இரண்டு ஊருக்கும் நடுவில், காருக்கும் லாரிக்கும் இடமே இல்லாத இன்னொரு பாதை இருக்கிறது. பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லேண்ட் வரை 240 கி.மீ., அதற்குக் கிரேட் அலிகேனி பாசேஜ் என்று பெயர். கம்பர்லேண்டிலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 297 கி.மீ., அது சி அண்ட் ஓ, அதாவது செசபீக் அண்ட் ஒஹாயோ, கால்வாய்க்கரை. ஏறத்தாழ முழுவதும் ஆற்றை ஒட்டியே போகும். நான் அதில் இருமுறை முழுதாகவும், பலமுறை துண்டு துண்டாகவும் சைக்கிளில் போயிருக்கிறேன். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

"நடுவில் மலை இருக்கிறதே, நம்மால் முடியுமா?" இதைக் கேட்காதவர்கள் இல்லை. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். காரணம், அது ரயில் போன தடம். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் வழுக்கும். செங்குத்தான ஏற்றம் ரயிலுக்கு ஆகாது. அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் ஆறு எப்படி வளைந்து வளைந்து மலையை விட்டு இறங்குகிறதோ, அதே வழியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். பாறை குறுக்கிட்டால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் பாலம் கட்டினார்கள். பிட்ஸ்பர்க் பக்கமிருந்து ஏறும்போது நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர்கூட உயராது. மூன்றாம் நாள் 729 மீட்டர் உயரத்தில் மலைமுகட்டில் நிற்பீர்கள். எங்கே ஏறினோம் என்று காலுக்கே தெரிந்திருக்காது.

சரி, அவ்வளவு செலவு செய்து போட்ட தடத்தை ஏன் விட்டுப் போனார்கள்? ஆற்றின் ஒரு கரையில் ஒரு கம்பெனியின் ரயில் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. போட்டிக்கு வெஸ்டர்ன் மேரிலேண்ட் ரயில்வே 1912-ல் எதிர்க்கரையில் இன்னொரு தடம் போட்டது. பின்னாளில் இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தபோது இரண்டு தடம் எதற்கு என்று 1975-ல் ஒன்றைக் கைவிட்டார்கள். பழைய தடத்தில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. நாம் இந்தக் கரையில் மிதிக்கும்போது எதிர்க்கரையில் நூறு பெட்டிக்கு மேல் இழுத்துக்கொண்டு ஒன்று போகும். அது வளைவில் மறைந்து ஓசை அடங்கியதும், மறுபடி ஆற்றுச் சத்தம் மட்டும்தான்.

கைவிட்ட தடம் தானாகச் சைக்கிள் பாதை ஆகிவிடவில்லை. ஒஹாயோபைல் என்ற ஊரை ஒட்டி 1986-ல் முதல் துண்டு திறந்தார்கள், சுமார் 15 கி.மீ. கடைசித் துண்டு சேர்ந்து பாதை முழுமையானது 2013-ல். இருபத்தேழு வருஷம்! ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர்க்காரர்கள் குழுவாகச் சேர்ந்து, நிலத்துக்காரர்களிடம் பேசி, பணம் திரட்டி, பாலத்துக்குப் பலகை அடித்து, சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி இறுக்கி, ஊர் ஊராக இணைத்தார்கள். அந்தப் பொடிமேல் டயர் உருளும்போது நெல்லைக் கையால் அளைவதுபோல ஒரு சரசரப்பு கேட்கும். சாயங்காலம் பார்த்தால் செயின், முழங்கால், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் விபூதி பூசியதுபோல வெள்ளையாக இருக்கும்.

ஆற்றின் பெயர் யாக்கியகேனி. உள்ளூரில் 'யாக்' என்றே கூப்பிடுகிறார்கள். அது இன்று அமைதியான ஆறு. எப்போதும் அப்படி இருந்ததில்லை. இது நிலக்கரிப் பூமி. வெஸ்ட் நியூட்டனுக்குக் கீழே ஓரிடத்தில் பழைய சுரங்கத்துத் தண்ணீர் கசிந்து, பாறை முழுக்கச் செங்காவி நிறத்தில் துருவேறியிருக்கும். வான் மீட்டர் என்ற ஊர் அருகே நான் எப்போதும் இறங்கி நிற்பேன். அங்கே இருந்த டார் சுரங்கத்தில் 1907 டிசம்பர் 19-ஆம் தேதி வெடி விபத்து. 239 பேர் இறந்தார்கள். ஆண்கள், சிறுவர்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். அன்று புனித நிக்கோலஸ் திருநாள் என்று வேலைக்குப் போகாமல் சர்ச்சுக்குப் போனவர்கள் தப்பித்தார்கள். ஊரை விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கு அந்த இடத்தைச் சும்மா கடந்துபோக மனசு வராது. இப்போது அங்கே மரமும் ஆறும் பறவைச் சத்தமும்தான்.

கானல்ஸ்வில்லிலிருந்து ஒஹாயோபைல் வரை 27 கி.மீ. முழுக்கக் காடு. ரோடு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். மையர்ஸ்டேலுக்கு முன்னால் சாலிஸ்பரி பாலம் வரும். 580 மீட்டருக்கு மேல் நீளம், முப்பது மீட்டர் உயரம். கீழே காசல்மன் ஆறு, வயல், ரோட்டில் தீப்பெட்டிபோல ஒரு லாரி. அந்த லாரியை மேலே நின்று பார்க்கும்போதுதான், இத்தனை வருஷமாக அதற்குப் பயந்து தோளை இறுக்கிக்கொண்டே சைக்கிள் ஓட்டியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

முகட்டில் ஒரு சின்னச் சுரங்க வழிக்குள், மழைநீர் இரு பக்கமாகப் பிரியும் எல்லைக் குறி இருக்கிறது. மேற்கே விழும் மழை ஒஹாயோ, மிசிசிப்பி என்று போய் மெக்சிகோ வளைகுடாவில் சேரும். கிழக்கே விழுவது பொட்டோமாக் வழியாகச் செசபீக் விரிகுடாவுக்கு. அதைத் தாண்டினால் பிக் சாவேஜ் குகைவழி, ஒரு கி.மீ. நீளம், உள்ளே விளக்கு உண்டு. வெயில் காலத்திலும் உள்ளே குளிர் எலும்பைத் தொடும். வெளியே வந்தால் மேரிலேண்ட் மலைகள் அடுக்கடுக்காக நீலத்தில் கிடக்கும். அங்கிருந்து கம்பர்லேண்ட் வரை சுமார் 36 கி.மீ. ஒரே இறக்கம்.

இந்த இறக்கத்தில்தான் என் அம்மாவைக் கூட்டிப் போனேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், கல் உடைக்கிறவர்கள், கூலி வேலைக்காரர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். என் அம்மாவும் 1992-ல் கற்றுக்கொண்டார். எனக்குப் பன்னிரண்டு வயது. பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் பாரில் தம்பி. பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த அம்மா, நினைத்த நேரத்தில் சந்தைக்குப் போய் வந்தார். அப்புறம் ரோடு அகலமாயிற்று, வண்டி பெருகிற்று. ஒருநாள் ஒரு லாரி உரசிக்கொண்டு போனதில் கீழே விழுந்தவர், அதன்பின் சைக்கிளைத் தொடவே இல்லை.

இங்கே வந்தபோது அவருக்கு 66 வயது. இறக்கத்தின் வழியிலுள்ள பிராஸ்ட்பர்க்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசாமல் நின்றார். "ஆத்தா, நிஜமாவே லாரி வராதா?" என்று இரண்டு முறை கேட்டார். வராது என்றேன். ஏறினார். முதல் ஒரு கி.மீ. பிரேக்கை விடவே இல்லை, விரல் வெளுத்துப்போயிருந்தது. பிறகு ஒரு வளைவில் விரல்கள் தளர்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்புறம் அவரைப் பிடிக்க நான் மிதிக்க வேண்டியதாயிற்று. கம்பர்லேண்டில் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு அங்கிட்டு எங்க போகுது?" என்று கேட்டார்.

அங்கிட்டு கால்வாய்க்கரை. கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரை. 1828 ஜூலை 4, கால்வாய்க்கும் அதன் போட்டியான ரயிலுக்கும் ஒரே நாளில் வேலை தொடங்கினார்கள். ரயில் 1842-ல் கம்பர்லேண்டுக்கு வந்துவிட்டது, கால்வாய் வர 1850 ஆயிற்று. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. ஐம்பதுகளில் இந்தக் கரைமேல் கார் ரோடு போடலாம் என்று யோசனை வந்தது; வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கமும் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ், என்னோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அந்த ஆசிரியர்களை அழைத்தார். 1954 மார்ச்சில் நடந்தார்கள். கடைசிவரை நடந்தவர்கள் ஒன்பதே பேர். பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. அந்த நடை இல்லாவிட்டால் இன்று அங்கேயும் லாரிதான்.

வழியில் பாபா (Paw Paw) குகைவழி. 950 மீட்டர், அறுபது லட்சம் செங்கல், 14 வருஷ வேலை. உள்ளே விளக்குக் கிடையாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பாதையோரத்துக் கைப்பிடிக் கட்டையில் கை வைத்துப் பாருங்கள். ஆயிரமாயிரம் முறை படகுக் கயிறு உரசி அறுத்த பள்ளங்கள், விரல் உள்ளே இறங்கும். நம் கிணற்றடிக் கல்லில் கயிறு அறுத்திருக்குமே, அதேதான்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு சொல். பிக் சாவேஜ் குகைவழியைப் பனிக்காலத்தில், ஏப்ரல் தொடக்கம் வரை மூடிவிடுவார்கள். கால்வாய்க்கரை பல இடங்களில் மண் பாதை; மழை பெய்தால் சேறு. ஒல்லி டயரோடு போய் முதல் முறை நான் நாள் முழுக்கச் சேற்றைக் குச்சியால் நோண்டினேன். பட்டை டயர் போடுங்கள். திரும்பி வர ஆம்ட்ராக் ரயிலில் சைக்கிளை ஏற்றலாம், முன்பதிவு அவசியம்.

மே மாதம் கடைசி வாரம் பிராஸ்ட்பர்க்கிலிருந்து இறக்கத்தில் ஒருநாள் போகிறோம். பெயர் கொடுங்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் முதலில் கொடுங்கள். வருகிற சனிக்கிழமையிலிருந்து காலை ஏழு மணிக்கு இந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் சொல்லித் தருகிறோம். சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வர அம்மாவும் இருப்பார்.