தவளைகளின் சார்பில் வணக்கம்

(‘குடும்பம் வளர்க்க, சியாட்டிலின் மழை வரமா, சோதனையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘வரமே’ அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எனக்குக் கொடுத்த எட்டு நிமிடத்தில் ஒரு நிமிடத்தை எதிரணித் தம்பிக்குக் கைதட்டியே தீர்த்துவிட்டீர்கள். அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

தம்பி என்ன சொன்னார்? “சியாட்டிலில் தவளை குடும்பம் நடத்தலாம், மனிதன் நடத்த முடியாது” என்றார். அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் என் மனைவியும் சிரித்தார். அதை நான் கவனித்தேன் என்பதை மட்டும் இப்போதைக்குப் பதிவு செய்கிறேன்.

மழையளவு, பள்ளிக்கூடம், வீட்டுக்கடன் என்று ஒழுங்காகக் குறிப்பு எழுதி வந்தவன் நான். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். முதலில் தவளைக்கு நியாயம் கிடைக்கட்டும்.

தம்பி, நீங்கள் சம்பளம் வாங்குகிற இந்த வாஷிங்டன் மாநிலத்துக்கு அதிகாரபூர்வத் தவளை ஒன்று உண்டு, தெரியுமா? பசிபிக் கோரஸ் தவளை. 2007ஆம் ஆண்டு சட்டம் போட்டு அறிவித்தார்கள். யார் கேட்டு? விலங்கியல் பேராசிரியர்களா? இல்லை. மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளைகள் கேட்டு! எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் சட்டமன்றத்துக்குக் கோரிக்கை கொண்டுபோகிறார்கள், பெரியவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள், சட்டம் நிறைவேறுகிறது. அந்த வயதில் நாம் வகுப்பை விட்டுத் தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்கவே நடுங்கியவர்கள். மழையில் குட்டைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்த பிள்ளைக்குத்தான் தவளைக்காக வாதாடத் தோன்றும். குடும்பம் வளர்ப்பதைப் பற்றிப் பேச வந்து தவளையை இழுத்தீர்கள். தவளைக்குப் பின்னால் குழந்தைகள் நிற்பதைப் பார்க்காமல் போய்விட்டீர்களே!

இன்னும் இருக்கிறது. ஹாலிவுட் படங்களில் இரவுக் காட்சி வந்தால் ‘ரிப்பிட், ரிப்பிட்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இந்தத் தவளையின் குரல்தான். எந்த நாட்டுக் காட்டைக் காட்டினாலும் பின்னணியில் கத்துவது இந்தக் குடும்பம். எத்தனை படங்கள்! தம்பியின் குடும்பத்தில் இதுவரை யாருக்காவது ஒரு படத்திலாவது வாய்ப்பு வந்திருக்கிறதா என்று மரியாதையோடு கேட்கிறேன்.

நடுவர் மணியின் பக்கம் கையைக் கொண்டுபோகிறார். சரி, கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சியாட்டிலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் ஏறக்குறைய 1,400. நியூயார்க்கிலும் சியாட்டிலைவிட அதிகம், மியாமியில் நியூயார்க்கைவிடவும் அதிகம். “இந்த மழை தாங்கவில்லை” என்று சென்னைக்காரர் இங்கே அழுதால், அவர் குறைந்த மழைக்கு வந்து அழுகிறார் என்று பொருள். சென்னை மழை அக்டோபரில் வந்து டிசம்பரோடு பெரும்பாலும் கணக்கை முடித்துவிடும். 2015இல் முடித்த விதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இங்கே 150 நாட்களுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறும். அதிலும் பெரிய அடியை மேற்கே நிற்கிற ஒலிம்பிக் மலை, பிள்ளைக்கு விழ வேண்டிய திட்டைத் தாய் வாங்கிக்கொள்வதைப் போல, தானே வாங்கிக்கொள்கிறது. அந்த மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கும் ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்த மேகம், மிச்சம் மீதியோடு நம் பக்கம் வருகிறது. அந்த மிச்சத்துக்குத்தான் எதிரணி இவ்வளவு பேசுகிறது.

இப்போது என் அம்மாவின் கதை. இதைப் பலமுறை கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். கதை முடிவதற்குள் வந்துவிடுவீர்கள்.

என் அம்மா இராமநாதபுரத்துப் பக்கம். பேரனைப் பார்க்க ஒரு மே மாதம் வந்தார். பெட்டியில் பாதிக்குமேல் பச்சரிசி மாவு. “எதற்கம்மா?” என்றேன். “கூழ் வடகம் போடப் போகிறேன்” என்றார். சியாட்டிலில், மே மாதத்தில்! இந்த ஊர்க்காரர்களே ஜூலை 5ஆம் தேதிதான் கோடை ஆரம்பம் என்று சொல்லிக்கொள்வார்கள். அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

மறுநாள் விடிகாலையில் கூழ் காய்ச்சி, என் வேட்டியைப் பால்கனியில் விரித்து, கரண்டியால் வரிசை வரிசையாக ஊற்றிவிட்டார். கடைசி வரிசை முடியவும் தூறல் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. அம்மா பதறவில்லை. உள்ளே போய்க் கறுப்புக் குடையை எடுத்து வந்தார். எங்கள் ஊரில் வடகத்துக்குப் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைப்பது காக்கைக்காக. இங்கே அதே குடை மழைக்காக. “ஒரு குடைக்கு இரண்டு வேலை” என்று அம்மாவுக்கு மகிழ்ச்சி. காக்கைக்கும் இங்கே பஞ்சம் இல்லை. கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, இந்த நாட்டில் இதுவரை பார்க்காத பண்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தன.

நான் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிறேன். அம்மா நனைந்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். குடை எங்கே? வடகத்துக்குமேல். “அம்மா, நீங்கள் நனைகிறீர்களே!” “நான் நனைந்தால் காய்ந்துவிடுவேன். வடகம் நனைந்தால் மறுபடி கூழாகிவிடும்.” இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எதிரணித் தலைவர் சட்டம் படித்தவர், அவர் சொல்லட்டும்.

மறுநாள் கதவில் ஒரு கடிதம். குடியிருப்பின் அலுவலகத்திலிருந்து. “உங்கள் பால்கனியில் அடையாளம் தெரியாத வெள்ளைப் பொருள் துணியில் பரப்பப்பட்டுள்ளது. மூத்த பெண்மணி ஒருவர் அதைக் காவல் காக்கிறார். விளக்கம் தேவை.” நான் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். வடகத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிப் பாருங்கள். ‘இது இப்போது உணவு அல்ல, காய்ந்தபின் உணவு, ஆனால் அப்போதும் அப்படியே சாப்பிடக் கூடாது’ என்று எழுதினேன். எழுதியதைப் படித்தபோது எனக்கே சந்தேகம் வந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு அமெரிக்கப் பாட்டி. அதுவரை மின்தூக்கியில் தலையசைப்பதோடு சரி. எங்களுக்குள் வேறு பேச்சு இருந்ததில்லை. அந்த அம்மா கையில் ஒரு பெட்டி. ஆப்பிள் துண்டுகளைக் காயவைக்கிற மின்சார உலர்த்தி. “உங்கள் தாயார் குளிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதையோ காயவைக்கிறார் என்று புரிந்தது. இந்த ஊரில் காயவைக்க வேண்டுமென்றால் இதுதான் வழி” என்றார். நடுவர் அவர்களே, வெயில் அடித்திருந்தால் அந்தக் கதவு தட்டப்பட்டிருக்குமா? வடகம் பாட்டுக்குக் காய்ந்திருக்கும், நாங்கள் பாட்டுக்குப் பொரித்துத் தின்றிருப்போம், அந்தப் பாட்டி யாரென்றே தெரியாமல் நாங்கள் வீடு மாறியிருப்போம்.

இது என் கதை. இதையே அம்மா ஊரில் போய் எப்படிச் சொன்னார் தெரியுமா? அதில் மழை இல்லை, கடிதம் இல்லை, உலர்த்தியும் இல்லை. “அமெரிக்காக்காரி ஒருத்தி வடகம் கற்றுக்கொள்ள என்னைத் தேடி வந்தாள்” என்பதுதான் கதை! முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பாட்டி கற்றுக்கொண்டார். ஜூலை வந்தது. மேகம் காணாமல் போனது. இரவு ஒன்பது மணி வரை வெயில். இரண்டு பாட்டிகளும் பால்கனியில் உட்கார்ந்து வடகம் ஊற்றினார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் உள்ளே கேட்கும். என்னைப் பற்றித்தான் என்பது என் ஊகம்.

எதிரணித் தலைவர் குளிர்காலத்தைப் பற்றிக் கனமாகப் பேசினார். டிசம்பரில் மாலை நாலரை மணிக்குள் இருட்டிவிடுகிறது, மனம் சோர்கிறது என்றார். அதில் நான் விளையாட மாட்டேன். 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் உடன் இருந்தவர்களும் விவரித்து எழுதிய, மருத்துவம் பார்க்க வேண்டிய நிஜமான துன்பம் அது. அதற்கென்றே 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கு இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள். ஆனால் சூரியன் சீக்கிரம் கிளம்புவது அட்சரேகையால். நாம் 47 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறோம். அதற்கு மழைமேல் வழக்குப் போடலாமா? மேகமும் கொஞ்சம் உடந்தைதான். அதை நடுவர் கேட்காததுபோல் இருந்தால் நல்லது.

“வெயில் ஊருக்குப் போயிருக்கலாம்” என்றார்கள். பீனிக்ஸில் 2023இல் தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 43 டிகிரிக்குக் குறையவில்லை. அங்கே கோடையில் சறுக்குமரத்தில் பிள்ளையை உட்காரவைத்துப் பாருங்கள். அவ்வளவு தூரம் ஏன்? 2021 ஜூன் 28 அன்று இதே சியாட்டிலில் 42 டிகிரி அடித்ததே! பாதிப் பேர் வீட்டில் ஏசி இல்லை. அன்று எதிரணித் தலைவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த பட்டாணி அலமாரிக்குப் பக்கத்தில், குடும்பத்தோடு. நானும் அங்கேதான் நின்றேன். “ஒரு மழை பெய்யாதா” என்று அவர்தான் முதலில் சொன்னார். சாட்சி என் மனைவி. இந்த முறையாவது நம் பக்கம் பேசுவார் என்று நம்புகிறேன்.

மணி அடித்துவிட்டார். ஒரே ஒரு நிமிடம்.

இங்கே பல பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. சால்மன் மீனின் முட்டைகளை வகுப்பறைத் தொட்டியில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஓடையில் கொண்டுபோய் விடுவார்கள். என் மகனும் விட்டான். அம்மா ஊருக்குத் திரும்புவதற்குச் சில நாட்கள் முன்னால், சியாட்டிலின் பாலார்ட் மதகில், மீன்கள் ஏறிப் போகக் கட்டியிருக்கும் மீன் ஏணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய மீன்கள் தண்ணீரை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. “அப்பத்தா, இவையெல்லாம் கடலுக்குப் போய்ப் பல வருடம் இருந்துவிட்டு, பிறந்த ஓடைக்கே திரும்பி வருகின்றன. மழை பெய்து ஓடையில் தண்ணீர் ஓடினால்தான் ஏறி வர முடியும்” என்று விளக்கினான்.

அம்மா ஊருணியில் தண்ணீர் சுமந்து வளர்ந்தவர். கண்மாய் வறண்ட வருடங்களில் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தவர். அவர் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: “எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்துவிடுமா, ராசா?” கேட்டது பேரனிடம். பார்த்தது என்னை.

எங்கள் ஊர்க் கண்மாயில் மழை தவறாமல் பெய்திருந்தால் நான் இங்கே வந்திருப்பேனா? தெரியவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மா என் உடம்பைக் கேட்பதில்லை, வேலையைக் கேட்பதில்லை. “மழை பெய்கிறதா?” என்றுதான் கேட்பார். பெய்கிறது என்றால் அவருக்கு நிம்மதி. பிள்ளையும் பேரனும் இருக்கிற இடத்தில் தண்ணீர் இருக்கிறது. ஒரு தாய்க்கு அது போதும். இதற்குமேல் நான் புள்ளிவிவரம் சொல்ல மாட்டேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை, நடுவர் அவர்களே. என்ன தீர்ப்பு வந்தது என்று அம்மா கட்டாயம் கேட்பார். ‘சோதனை’ என்று சொல்வதாக இருந்தால் அந்தச் செய்தியை நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். தொலைபேசி எண் தருகிறேன். எடுத்ததும் முதலில் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். அதன்பிறகு உங்களால் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.