மாரிக்கு முன் வண்டியின் சேர்கிட் போர்ட்டைக் கவனியுங்கள்

[திரையில்: ஓட்டோ மீற்றர் ஒன்றின் மூடி கழற்றப்படுகிறது]

வணக்கம். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பக்கம் போய்வரும் ஓட்டோக்களில் மீற்றரைத் திறந்தால் இப்படித்தான் கிடக்கும். செம்புக் கோடுகளில் பச்சைக் களிம்பு, பாகங்களின் கால்களைச் சுற்றி வெள்ளைப் பொடி. "மழைத்தண்ணி போயிட்டுது" என்று சொல்லி, மூடியைச் சுற்றி சிலிக்கன் பூசி அனுப்பிவிடுவார்கள். ஆனால் இங்கே பெரிய குற்றவாளி உப்பு.

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கார்த்திகை மாத இரவில் அவ்வளவு ஈரம் இங்கே சாதாரணம். மழைத்துளி விழவே தேவையில்லை. கடற்காற்று படிந்த போர்ட்டில் இப்படி ஓர் உப்புநீர்ப் படலம் உண்டாகி, கூடவே 12 வோல்ற்றும் இருந்தால், ஒரு கோட்டின் உலோகம் கரைந்து, அடுத்த கோட்டில் படிந்து, அங்கிருந்து மரக்கிளை மாதிரி இழை விட்டு முதல் கோட்டை நோக்கி வளரும். தொட்டால் ஷோர்ட். மெல்லிய இழை என்பதால் சிலவேளை உடனே எரிந்தும் போய்விடும். கராஜுக்குக் கொண்டுபோனால் மட்டும் வண்டி நல்லபிள்ளையாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் ஈரம் படாமல் போர்ட்டுக்கு மெல்லிய காப்புப் பூச்சு அடிக்கவேண்டும். ஆனால் பூச்சுக்கு முதல் கழுவல். மென்மையான தூரிகை எடுத்து, உப்பைக் காய்ச்சி வடித்த நீராலும், ஈயம் பிடித்தபோது தங்கிய பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) கறையை ஐசோப்புரோப்பைல் அல்ககோலாலும் போக்குங்கள். பிறகு நன்றாகக் காயவிடுங்கள். அழுக்கின் மேல் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

[திரையில்: பிளக், சுவிட்ச் ஆகியவற்றில் ரேப் ஒட்டிவிட்டு ஸ்பிரே அடித்தல்]

பூச்சில் என் தெரிவு அக்ரிலிக். மீண்டும் திருத்த வேண்டிவந்தால் கரைப்பானால் கழுவி எடுக்கலாம். 0.03 முதல் 0.13 மில்லிமீற்றர் தடிப்பு போதும்; தடிப்பாக அப்பினால் வெடிப்பு விழும். என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் என்றால் சிலிக்கன் பூச்சு நல்லது. ஆனால் குளியலறைக்குப் பூசும், வினாகிரி மணம் வரும் சிலிக்கன் வேண்டவே வேண்டாம். காயும்போது அது விடும் அமிலம் செம்பை அரிக்கும்.

சரி, அதிர்வு. குன்றும் குழியுமான உள்வீதிகளில் முதலில் விட்டுப்போவது உயரமான கொண்டன்சரும் ரிலேயும்தான். தலை கனம், கால் மெலிசு. ஆடி ஆடி ஈயம் பிடித்த இடத்தில் மோதிரம் போல வட்டமாக வெடிக்கும். மெல்லிய பூச்சு இதைத் தாங்காது. அவற்றின் அடியில் அமிலம் விடாத சிலிக்கனை வைத்துப் போர்ட்டோடு ஒட்டுங்கள். நாலு மூலையிலும் ஸ்க்ரூ இருந்தாலும் பெரிய போர்ட் நடுவில் துள்ளும். அங்கே ஒரு தாங்கி கொடுங்கள். வயரையும் போர்ட்டுக்குக் கிட்ட ஒரு இடத்தில் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதன் ஆட்டமெல்லாம் ஈயத்துக்குத்தான் போகும்.

சீடிஐ பெட்டிபோல (என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பெட்டி) முழுவதும் எபொக்சி ஊற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். அதிர்வுக்கு அது நல்ல காவல்தான். ஆனால் அதற்குப் பிறகு திருத்த வேலை கிடையாது, குப்பைதான்.

[திரையில்: பெட்டி, வயர், மழைநீர் போகும் வழி]

இனிப் பெட்டி. ஓடும்போது சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ரப்பர் இடுக்கால் வெளியேறும். திடீர் மழையில் குளிர்ந்ததும் உள்ளே அமுக்கம் குறைந்து, அதே இடுக்கால் ஈரத்தை உறிஞ்சும். பெட்டிகளில் போட்டிருக்கும் நீர்காப்புத் தரமான ஐபி 67 என்பது 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனை. தினமும் சூடாகிக் குளிர்வதை அது பார்ப்பதில்லை. காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வுள்ள மூடி கிடைத்தால் போடுங்கள். இல்லையென்றால் பெட்டியின் அடியில் சிறு துளை ஒன்று போதும். உள்ளே போகும் நீர் தேங்காமல் வடியும்.

பிளக் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். பெட்டிக்குள் நுழையுமுன் வயரை ஒருதரம் கீழே தொய்யவிட்டு மேலே கொண்டுபோங்கள். வழிந்துவரும் மழைநீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும்.