கால் ஒடிக்கப்பட்ட நீர்யானை

நடுவர் அவர்களே, பழஞ்சிற்பத்தின் சிதைவைச் சீர்செய்து காட்டுவதே முறை என்று பேசிய எதிரணித் தலைவர், காலில்லாத விலங்கைக் கண்ணாடிப் பேழைக்குள் கிடத்துவது அதைச் செய்த சிற்பியை அவமதிப்பதாகும் என்று வாதிட்டு அமர்ந்தார். தானாகச் சிதைந்தது வேறு, வேண்டுமென்றே சிதைக்கப்பட்டது வேறு என்பதை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு சான்றை இந்த அவையில் வைக்கிறேன்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நீல நீர்யானை நிற்கிறது. எகிப்தின் மெய்ர் என்னும் இடத்தில், 12ஆம் அரச மரபின் காலத்தில், ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் சென்பி என்பவரின் கல்லறையில் வைக்கப்பட்ட அது, 1917இல் இந்த அருங்காட்சியகத்தை வந்தடைந்தது. அரைத்த படிகக்கல் பொடியைக் குழைத்து உருவாக்கி, செம்பு கலந்த நீல மெருகேற்றிச் சுட்ட அந்த உடலின்மீது நைல் நதியின் நீர்ச்செடிகளும் மலர்களும் தீட்டப்பட்டுள்ளன. பார்த்தவுடன் கொஞ்சத் தோன்றும் உருவம் அது. 1931இல் ஒட்டிக்கொண்ட ‘வில்லியம்’ என்ற செல்லப்பெயர் இன்றுவரை நீங்கவில்லை.

அதைப் புதைத்தவர்கள் கொஞ்சவில்லை, நடுவர் அவர்களே! படகைக் கவிழ்த்து ஆளைக் கொல்லக்கூடிய விலங்கு, மறுமையில் உயிர்பெற்று எழுந்து இறந்தவரைத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக அதன் மூன்று கால்களை வேண்டுமென்றே ஒடித்தார்கள் என்பது அந்த அருங்காட்சியகமே தரும் விளக்கம். எழுதப்பட்ட உருவத்துக்கும் உயிர் வரும் என்று நம்பி, கல்லறைச் சுவரின் பட எழுத்துகளில் பாம்பைக்கூட வெட்டுண்டதாக வரைந்த மக்கள் அவர்கள்.

இன்று நாம் காணும் மூன்று கால்கள் நவீன காலத்து ஒட்டுவேலை. சிற்பியின் கைக்கு மதிப்பளித்தோம் என்கிறார் எதிரணித் தலைவர், ஒப்புக்கொள்கிறேன். அஞ்சி நடுங்கி அந்தக் கால்களை ஒடித்த கையும் எகிப்தியக் கைதானே? நாம் அழித்தது சிதைவையல்ல, ஒரு சடங்கின் தடயத்தை.

விளக்கப் பலகையில் எழுதிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். நான்கு காலில் கம்பீரமாக நிற்பதைக் கண்டு மகிழ்ந்தவர் எத்தனை பேர் பலகையைத் தேடிப் படிப்பார்கள்? கால் ஒடிந்து கிடந்தால், யார் ஒடித்தார்கள் என்று ஒரு சிறுவனாவது கேட்பான். ஒட்டியதைப் பிரித்தால் சிற்பத்துக்கே ஊறு நேருமென்றால் வில்லியம் அப்படியே நிற்கட்டும். ஒடிக்கப்பட்டே புதைக்கப்பட்ட இன்னொரு நீர்யானை நாளை மண்ணிலிருந்து வெளிவந்தால், அதற்குக் கால் ஒட்ட வேண்டாம் என்று தீர்ப்பளியுங்கள்.