பின்வாங்க இடமில்லாத படை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். பழைய ரோமானியப் போர்களை ஆடிப் பார்க்கச் சிறந்தது கம்ப்யூட்டர் திரையா, நண்பர்களோடு உட்காரும் மேசையா என்பது தலைப்பு. நான் மேசையின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, திரையில் ஆயிரக்கணக்கான வீரர்கள் மோதுகிறார்கள், தூசி பறக்கிறது, உங்கள் மேசையில் இருப்பதோ 15 மில்லிமீட்டர் பொம்மைகள் என்றார். உண்மைதான். ஆனால் கி.மு. 216இல் இத்தாலியில் கன்னே என்ற இடத்தில் நடந்த போரில் என்ன நடந்தது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தப் பொம்மைகள்தான்.

கதை இதுதான். ரோமானியக் காலாட்படை 80,000, எதிரே நின்ற கார்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் 40,000க்குச் சற்று மேல் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். நடுவில் நின்ற கெல்ட், ஸ்பானிய வீரர்கள் மெல்லப் பின்னால் போகப் போக ரோமானியர் உள்ளே உள்ளே வர, இரண்டு பக்கமும் நின்ற ஆப்பிரிக்கப் படை அவர்கள்மேல் திரும்பியது, பின்பக்கத்தைக் குதிரைப்படை அடைத்தது. இதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி தீரவே இல்லை: இரண்டு மடங்கு ஆள் இருந்தும் ஏன் வெட்டிக்கொண்டு வெளியே வர முடியவில்லை?

நாங்கள் ஆடுவது டி பெல்லிஸ் ஆண்டிகுவிடாட்டிஸ் என்ற விதிமுறை, 1990இல் வந்தது. ஆளுக்கு 12 பிரிவுகள்தான். ஒவ்வொரு பிரிவும் ஒரு சின்னத் தட்டில் ஒட்டிய சில வீரர்கள். உங்கள் முறை வந்ததும் பகடை உருட்ட வேண்டும். 5 விழுந்தால் 5 நகர்வு, 1 விழுந்தால் ஒன்றே ஒன்று. ஒட்டி நிற்கும் பிரிவுகளைச் சேர்த்து ஒரே நகர்வில் தள்ளலாம், வரிசை கலைந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செலவு. மோதலில் தோற்ற பிரிவு பெரும்பாலும் ஒரு தட்டளவு பின்வாங்கும், அவ்வளவுதான். ஆனால் அதன் பக்கவாட்டில் எதிரி ஒட்டி நின்றால் பின்வாங்க முடியாது, அந்த இடத்திலேயே அழிந்தது.

கன்னேயை ஆடிய அன்றைக்கு நான் ரோமானியத் தளபதி வாரோ, என் நண்பன் ஹன்னிபால். நடுவில் ஜெயித்துக்கொண்டே போனேன். அப்புறம் அவன் பக்கவாட்டில் வந்து ஒட்டினான். எனக்கு அடுத்தடுத்து இரண்டு முறை 1 விழுந்தது, படையைத் திருப்ப நகர்வே இல்லை. சும்மா ஒரு தட்டளவு தள்ளிப் போயிருக்க வேண்டிய பிரிவுகளை ஒவ்வொன்றாக என் கையாலேயே எடுத்து மேசைக்கு வெளியே வைத்தேன். நாலு பிரிவு போனால் தோல்வி. பின்னால் இன்னும் அடிபடாத பிரிவுகள் நிறைய நின்றன, ஒன்றும் உதவவில்லை, சொல்லப்போனால் அவைதான் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. இத்தனை வருடம் கேட்ட கேள்விக்குப் பதில் அப்போது கிடைத்தது.

கம்ப்யூட்டர் தானே கணக்குப் போடும், சண்டை சச்சரவு இல்லை என்று இன்னொரு நண்பர் சொன்னார். ஐயா, அந்தச் சச்சரவுதான் எனக்கு வேண்டும்! அதே ஆட்டத்தில் ஒரு மூலை தொடுகிறதா இல்லையா என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். எனக்குத் தொட்ட மாதிரிதான் தெரிந்தது. அவன்தான், "இல்லடா, ஒரு நூல் இடைவெளி இருக்கு, உன் ஆள் பின்வாங்கலாம்" என்றான். தனக்கு வர வேண்டிய பிரிவை அவனே எனக்கு விட்டுக்கொடுத்தான்.

வர்ணம் அடிக்க நேரமாகும் என்றார்கள், ஆகும்தான். 12 பிரிவுக்கு எனக்கு ஒரு மாதம், தினமும் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம். அந்த மாதம் நன்றாகவே போனது.

வருகிற ஞாயிறு ஹன்னிபாலின் இன்னொரு போர், ஜாமா, கி.மு. 202. பக்கம் மாற்றிக்கொள்கிறோம், ஹன்னிபாலும் அவர் யானைகளும் எனக்கு. ரோமானியத் தளபதி ஸ்கிபியோ தன் அணிகளுக்கு நடுவே சந்து விட்டு யானைகளைப் போகவிட்டார், என் நண்பனும் அதைத்தான் செய்யப் பார்ப்பான். குதிரைப்படையை எங்கே நிறுத்துவது என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். நடுவர் அவர்களே, உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம், தீர்ப்பு எப்படி இருந்தாலும் வாருங்கள்.